இரண்டாவது பொட்டலம்

என் மகள் எம்.ஏ. வரலாறு படிக்கிறாள் என்று சொன்னால், அரியலூரில் பாதிப் பேர் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். "மார்க்கு வரலீங்களா டீச்சர்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். மார்க்கெல்லாம் வந்தது. அதைவிடக் குறைந்த மார்க்கு வாங்கிய பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இன்ஜினீயரிங் சேர்ந்தார்கள். "அவளாத்தான் கேட்டுச் சேந்தா" என்று சொல்லிப் பார்த்தேன். அது இன்னும் மோசம். "நீங்க டீச்சரா இருந்துமா விட்டீங்க?" என்றார்கள்.

குற்றத்தில் எனக்குப் பங்கு உண்டு. நான் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியல் என் பாடம். ராஜாக்களின் வருஷங்களை வரிசையாக ஒப்பிக்கச் செய்து, ஒரு வருஷம் பிசகினாலும் அரை மார்க்கைக் குறைக்கிறவள். இந்தச் சத்தத்தைத் தொட்டில் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு வரலாற்றின் மேல் வெறுப்பு வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்து, திருச்சி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு எட்டு வருஷம் காத்திருந்தவள் நான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் வரிசையின் வாலுக்குப் போய்விடுவோம். அந்த எட்டு வருஷமும் தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். வேலை கிடைத்து இத்தனை காலமான பிறகும் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

மகளின் பதிவு அட்டைக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. பிளஸ் டூ முடித்ததும் பெரம்பலூரில் பதிந்தோம். சில மாதங்களில் அரியலூர் தனி மாவட்டமானது. தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். அட்டை அரியலூருக்கு வந்தது. மிட்டாய் கரைந்து கொஞ்ச காலம் ஆவதற்குள் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அட்டை திரும்பிப் போனது. நானும் பின்னாலேயே போய், "எங்க அட்டை பத்திரமா வந்துடுச்சுங்களா?" என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேட்டேன். "அட்டை வந்துடுச்சும்மா. வேலைதான் வரல" என்றார் அங்கிருந்தவர். இதை எழுதும்போது அரியலூரை மீண்டும் பிரித்திருக்கிறார்கள். எங்கள் வீடு ஓரடி நகரவில்லை.

இப்படிப்பட்ட என்னிடம், அவள் எம்.ஏ. முதலாண்டு முடிக்கும்போது ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். தினமும் ரயிலில் திருச்சிக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஆண்டில் எந்தப் பாதை என்று அந்தத் தாளில் குறித்துத் தர வேண்டுமாம். ஒன்று, கூடுதலாக இரண்டு பாடங்கள் படித்துத் தேர்வு எழுதுவது. இன்னொன்று, அந்த இரண்டு பாடங்களுக்குப் பதிலாக ஓர் ஆய்வேடு எழுதுவது. கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தது.

எனக்கு அதில் குழப்பமே இல்லை. தேர்வு எழுதினால் மார்க்கு, மார்க்கு வந்தால் பி.எட்., பி.எட். முடித்தால் வரிசை, வரிசையில் நின்றால் என்றாவது ஒருநாள் வேலை. ஆய்வேடு எழுதினால் அடுத்தது எம்.பில்., அதற்கடுத்து பிஎச்.டி., அதற்கடுத்து என்ன என்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. எங்கள் தலைமை ஆசிரியை மட்டும், "அதுக்கப்புறம் கண்ணாடி போடுவாங்க டீச்சர்" என்றார்.

"நீ எதப் பத்தி எழுதப் போற?" என்று மகளிடம் கேட்டேன். ஏதோ ஒரு கோயிலைச் சொல்வாள் என்று நினைத்தேன். கோயில் என்றால் பரவாயில்லை. நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

"சொந்தமா நெலம் இல்லாம கூலிக்குப் போன குடும்பங்கம்மா. அவங்க புள்ளைங்க, பேரப்புள்ளைங்க எல்லாம் எந்தெந்த வேலைக்குப் போனாங்க, எப்படிப் போனாங்கன்னு. புத்தகத்துல கெடையாது. ஊரூராப் போயி பேசித்தான் எழுதணும்."

"எந்த ஊரு?"

"அரும்பாவூர்லருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

அரும்பாவூர் நான் பிறந்த ஊர். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அரியலூருக்கு வந்த பிறகு, "அப்பா என்ன பண்ணாங்க?" என்று யாராவது கேட்டால் "விவசாயம்" என்பேன். அது பொய்யில்லை. யாருடைய வயலில் என்று அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மகளிடமும் ஏறக்குறைய அதே பதில்தான். ஆக என்னிடம் இரண்டு பயங்கள் இருந்தன. வேலை கிடைக்காது என்ற பயத்தை வெளியில் சொல்லிக்கொண்டேன். மற்றதை உள்ளே வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் வீட்டில் வேறு பேச்சு இல்லை. நான் பி.எட். என்பேன், அவள் ஆய்வேடு என்பாள். சில நாள் அவளே சந்தேகப்பட்டு, "நீ சொல்றதும் சரியாத்தான் இருக்கோ" என்பாள். நான் மகிழ்ந்து தோசை வார்ப்பதற்குள் மனசு மாறியிருக்கும். என் கணவர் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எடை மேடையில் வேலை பார்த்தார். வரும் லாரியைக் காலியாக ஒருமுறை, சுமையோடு ஒருமுறை எடை போட்டுச் சீட்டு கொடுப்பது அவர் வேலை. உலகத்தில் எல்லாவற்றையும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"ஒரே லாரிய மூணு வாரமா மேடையில ஏத்தி நிறுத்தி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. "பின்னாடி வண்டி நிக்கிதுல்ல. செட்டிகுளம் முருகன் கோயிலுக்குப் போயி பூ போட்டுப் பாத்துட்டு வந்துடுங்க. நம்ம கல்யாணமே அப்படித்தான முடிவாச்சு."

"அதாங்க யோசனையா இருக்கு" என்றேன்.

ஆனால் மகள் சட்டென்று ஒத்துக்கொண்டாள். "சரிப்பா. எது வந்தாலும் அதையே குறிச்சுடுறேன். திங்கக்கெழமைதான் கடைசி நாளு. சண்டை போட்டு எனக்கு அலுத்துப்போச்சு."

பூ போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. மனசில் இரண்டு எண்ணம் இருந்தால் ஒன்றுக்குச் சிவப்புப் பூ, மற்றதற்கு வெள்ளைப் பூ என்று வைத்துக்கொண்டு, வெளியே தெரியாமல் தனித்தனிப் பொட்டலமாக மடித்து சாமி காலடியில் வைப்போம். பூசை செய்கிறவர் ஒன்றை எடுத்துத் தருவார். பிரித்தால் என்ன நிறமோ அதுதான் உத்தரவு. பெண் பார்ப்பது, கிணறு தோண்டுவது, ஆபரேஷன் செய்துகொள்வது எல்லாம் இப்படி முடிவாகியிருக்கின்றன.

எங்கள் கணக்கு: சிவப்பு வந்தால் ஆய்வேடு, வெள்ளை வந்தால் தேர்வு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் குளிக்கப் போனதும் நான் பூப்பறிக்கப் போனேன். வாசலில் நந்தியாவட்டை வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு வேலியில் செவ்வரளி. இரண்டையும் பறித்துவந்து வாழை இலைத் துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் இலையில் நந்தியாவட்டையை வைத்து மடித்து நூல் சுற்றினேன். இரண்டாவது இலையில் அரளியை வைத்தேன். எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்துவிட்டு நந்தியாவட்டையை வைத்து மடித்தேன்.

மனசாட்சி இல்லாமல் இல்லை. ஆனால் மனசாட்சிக்குப் பதில் சொல்ல எனக்குக் கால் நிமிஷம்தான் ஆனது. முருகனும் ஒரு பெண் நல்லபடியாக வேலைக்குப் போவதைத்தானே விரும்புவான். அவனுடைய சிரமத்தைக் குறைக்கிறோம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளைகள் என்னிடம் இதைவிட நேர்மையான காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மிஞ்சிய அரளியை என்ன செய்வது என்று தெரியாமல் பூசை மாடத்துப் பிள்ளையார் படத்துக்கு மொத்தமாக வைத்துவிட்டேன். கணவர் அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "பிள்ளையாருக்கு இன்னிக்குச் சரக்கு கூட இருக்கே" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

பெரம்பலூரில் இறங்கி பஸ் மாறி செட்டிகுளம் போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸில் பாதி இடம் வெங்காய மூட்டைக்கு. படியேறும்போது மகள் உற்சாகமாக இருந்தாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. மேலே கையில் கரும்போடு முருகன் நின்றான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் கரும்பை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குருக்கள் இரண்டு பொட்டலங்களையும் வாங்கிக் காலடியில் வைத்து, தீபாராதனை காட்டி, ஒன்றை எடுத்து மகள் கையில் கொடுத்தார். அவள் நூலை அவிழ்த்தாள். வெள்ளை.

அவள் முகம் ஒரு நொடி விழுந்தது. பிறகு நிமிர்ந்து, "சரிம்மா. தேர்வு" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குள் குருக்கள் மற்ற பொட்டலத்தையும் எடுத்து அவளிடமே நீட்டினார்.

"இதையும் வச்சுக்கோம்மா. சாமி பாதத்துல இருந்தது."

நான் கையை நீட்டுவதற்குள் அது அவள் தோள்பைக்குள் போய்விட்டது.

என் திட்டத்தில் எல்லாவற்றுக்கும் இடம் வைத்திருந்தேன், இதைத் தவிர. ஒரு பொட்டலம் எடுத்துத் தந்த பிறகு இன்னொரு பொட்டலம் உலகத்தில் இருக்கும் என்பதையே மறந்துவிட்டேன்.

படியிறங்கும்போது, "அதக் குடு, நான் வச்சுக்குறேன். நீ தொலைச்சுடுவ" என்றேன்.

"ஒரு பூவத் தொலைக்க மாட்டேம்மா."

பத்துப் படி கழித்து, "அதப் பிரிக்கக் கூடாது, தெரியுமில்ல?" என்றேன்.

"ஏன்?"

"சாமி எடுக்காத பூவப் பிரிச்சா குத்தம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுவாங்க."

"எல்லாருமுன்னா யாரும்மா? எனக்கு இது வரைக்கும் யாரும் சொல்லலியே."

இதுதான் வரலாறு படிக்கவைத்ததன் பலன். முன்பெல்லாம் எல்லாரும் சொல்வார்கள் என்றால் பேசாமல் இருப்பாள்.

"ஓடுற தண்ணில விட்டுடணும். அதான் மொற" என்றேன்.

"எந்தத் தண்ணி?"

"மருதையாத்துல விட்டுக்கலாம்."

"மருதையாத்துல தண்ணி எப்பம்மா ஓடுச்சு? நாம இன்னிக்கு வூட்டுக்குப் போவ வேணாமா?"

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். தூங்கினால் எடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் ஐந்து நிமிஷத்தில் தூங்குகிறவள் அன்றைக்குத் தூங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "ஏங்க, ஒடம்புக்கு முடியலீங்களா? ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்று முந்தானையால் எனக்கு விசிறிவிட்டார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ சொல்லிவிட்டு மகள் பைக்குள் கையை விட்டாள்.

"வேணாம்" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. செவப்பத் தொட்டுப் பாத்துட்டுப் போட்டுடுறேன். ஒரு ஆதாரத்த மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணக் கூடாதுன்னு எங்க மேடம் தெனமும் சொல்லுவாங்க. பழகிப்போச்சு."

நூலை அவிழ்த்தாள். இலையை விரித்தாள். கொஞ்சம் வதங்கிய நந்தியாவட்டை.

முதல் பொட்டலத்தையும் வெளியே எடுத்து, இரண்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பரீட்சை ஹாலில் ஒரே மாதிரி இரண்டு விடைத்தாள் கிடைத்தால் நான் எப்படி வைப்பேனோ அப்படி வைத்தாள். டீ வந்தது. ஒரு வாய் குடித்தாள்.

"முருகன் பாவம்மா" என்றாள். "அவருக்கு நீ சாய்ஸே குடுக்கல."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அரியலூர் பஸ் வந்து நின்றது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அது போய்விட்டது.

"ஏம்மா செஞ்ச? பி.எட்.டுக்காகவா?"

"ஆமா."

"அதுக்காக மட்டும் சாமிகிட்ட காப்பியடிக்கிற ஆளு இல்லியே நீ."

டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நீ அரும்பாவூருக்குப் போவ. யாரு யாரு வயலுல கூலிக்குப் போனாங்கன்னு கேப்ப. அவங்க எங்கப்பா பேரச் சொல்லுவாங்க. எங்கம்மா பேரச் சொல்லுவாங்க. நீ அத அச்சடிச்சு காலேஜுல வப்ப. எங்க ஸ்கூல்ல, நம்ம தெருவுல எல்லாம் அதப் படிப்பாங்க."

"எம்.ஏ. ஆய்வேட்ட யாரும் படிக்க மாட்டாங்கம்மா. எங்க மேடமே கடைசிப் பக்கத்தத்தான் பாப்பாங்களாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "டீ சரியில்லீங்களா?" என்றார். "டீ நல்லாருக்கு. பூதான் சரியில்ல" என்றாள் மகள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்குத் தெரியும்மா" என்றாள். "நம்ம தாத்தாவுக்கு வயலு இருந்திருந்தா லீவுக்கு ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போயி காட்டியிருப்ப. எல்லாரு வூட்லயும் காட்டுவாங்க. அதத்தான் எழுதணும்னு நெனச்சேன். உன்னக் கேட்டா சொல்ல மாட்டன்னுதான் ஊருல கேக்கலாம்னு இருந்தேன்."

இத்தனை வருஷம் நான் பூட்டிவைத்திருந்த பெட்டிக்கு அடிப்பலகையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். "இப்ப என்ன பண்றது? நான் வாக்குக் குடுத்துட்டேன். ரெண்டு வெள்ளை வந்துருக்கு. தேர்வுன்னே குறிக்கவா?"

கேலி செய்கிறாளா, நிஜமாகத்தான் கேட்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் கேட்டாள். நான் தலையை ஆட்டியிருந்தால் குறித்திருப்பாள். ஒரு நிமிஷம் ஆட்டிவிடலாமா என்றும் தோன்றியது, அதை மறைப்பதற்கில்லை. எட்டு வருஷச் சைக்கிள் மணி காதில் அடித்தது.

"பேனாவக் குடு" என்றேன். ஆய்வேடு என்ற கட்டத்தில் நானே குறித்தேன். குறி பக்கத்துக் கட்டத்தின் கோட்டைத் தொட்டுவிட்டது. கீழே கையெழுத்துப் போட்டேன். டீ டம்ளரின் வட்டக் கறை ஓரத்தில் விழுந்தது. அதோடுதான் திருச்சிக்குப் போனது அந்தத் தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "என்ன வந்துச்சு?" என்றார்.

"வெள்ளைப்பா. ரெண்டும்" என்றாள் மகள்.

அவர் பிள்ளையார் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காலையிலயே தெரியும்" என்றார். "ஏன் சொல்லல?" என்று நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்டோம். "நான் ஒரு தடவைதான பாத்தேன். ரெண்டாவது எடை போடாம சீட்டுக் குடுக்க முடியாதுல்ல."

அடுத்த வாரம் செட்டிகுளத்துக்கு நான் மட்டும் தனியாகப் போய், ஒரு கூடை செவ்வரளி கொடுத்துவிட்டு வந்தேன். அன்றும் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆய்வேட்டுக்கு அவள் முதலில் பேட்டி எடுத்தது அரும்பாவூரில் அல்ல, எங்கள் சமையல்கட்டில். யாரிடமோ இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரை மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் கட்டியிருந்த பழைய புடவையை மாற்றிவிட்டு வந்தேன். "படம் புடிக்கலம்மா, சத்தம் மட்டுந்தான்" என்றாள். தெரியும், ஆனாலும் மாற்றினேன்.

பட்டனை அழுத்தினாள். "உங்க அப்பா என்ன வேலை பாத்தாங்க?" என்று கேட்டாள். என்னைப் போய் வாங்க போங்க என்று பேசியது அதுதான் முதல் தடவை. அந்த மரியாதையில் எனக்கு வாய் தன்பாட்டில் திறந்தது.

"எங்கப்பா விவசாயம். ஒரு ரெண்டு ஏக்கரு இருந்துச்சு, பெருசா ஒண்ணுமில்ல..."

பட்டனை நிறுத்தினாள். கோபப்படவில்லை.

"அம்மா. அது மொத பொட்டலம். ரெண்டாவதப் பிரி."

மறுபடி அழுத்தினாள். டேப் சுற்றியது.

"எங்களுக்கு நெலம் கெடையாது" என்றேன். "லீவு நாளுல நானும் எங்கம்மாகூட வெங்காயம் புடுங்கப் போவேன். கழுவினாலும் வாசன போவாது. மறுநாளு பள்ளிக்கூடத்துல கைய மடியில மறைச்சு வச்சுக்குவேன். எங்க பெஞ்சுல பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு, அந்த வயக்காரரு வூட்டுப் பொண்ணு. அதுக்குத் தெரியும். ஆனா அது ஒருநாளும் யாருகிட்டயும் சொல்லல."

மகள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். தலையைத் தூக்காமல், "இது எந்த வருஷம்னு சொல்ல முடியுங்களா?" என்று கேட்டாள்.

யோசித்தேன். நாலாவதா, அஞ்சாவதா? விரல் விட்டு எண்ணினேன். பிடிபடவில்லை. இத்தனை வருஷமாக ராஜாக்களின் வருஷத்துக்கு மார்க்குக் குறைத்த எனக்கு, என் வருஷம் தெரியவில்லை.

"தெரியலீங்களே" என்றேன்.

"பரவாயில்ல" என்றாள் அவள். "தோராயமாச் சொல்லுங்க. உங்ககூட பெஞ்சுல உக்காந்த அந்த அம்மா அரும்பாவூர்ல இன்னும் இருந்தாங்கன்னா, அவங்ககிட்டயும் கேட்டுச் சரிபாத்துக்குறேன்."